விரலை எடுத்துவிட்டால் சூதாட்டம் இல்லையா?



இங்கிலாந்தில் படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஹழ்ரத், நான் பந்தயம் கட்டப் போவதில்லை. ஒரு சாஃப்ட்வேர்தான் கட்டும். குதிரையின் விலை இவ்வளவுக்கு மேல் போனால் கட்டு, இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் எதிராகக் கட்டு என்று விதியை எழுதிக் கொடுத்தால் போதும். நான் தூங்கலாம், தொழலாம். இதில் அதிர்ஷ்டம் இல்லை, கணக்குதான். ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டாரே, அல்ஹம்துலில்லாஹ். பெரும்பாலும் நம்மிடம் வருவது பணம் போன பிறகுதான்.

அறியாமைக் காலத்து அரபிகளின் மைஸிரைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ஒட்டகத்தை அறுப்பார்கள். பையில் பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்றுக்கு எதுவும் இல்லை. தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். அம்பை எடுப்பது யார்? விளையாடுகிறவர்கள் அல்ல. அதற்கென்று தனியாக ஒருவர் இருப்பார். தடவிப் பார்த்து அம்பை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அவருடைய கையில் துணியையும் சுற்றிவிடுவார்கள். ஆக, விளையாடுகிறவன் தன் கையை விலக்கி வைத்துக்கொள்வது இன்று வந்த புதுமை அல்ல. ஜெயித்த இறைச்சியை அவர்கள் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள், அதைப் பெருமையாகவும் பேசினார்கள். அதில் மக்களுக்குப் பயன் உண்டு என்று குர்ஆனே (2:219) ஒப்புக்கொள்கிறது. பாவம் பயனைவிடப் பெரிது என்றும் சொல்கிறது.

வக்கீல் செய்தது அவரை நியமித்தவர் செய்தது போலத்தான் என்பது ஃபிக்ஹு படித்த எல்லோருக்கும் தெரியும். மனித வக்கீலுக்காவது தனியாக ஒரு கேள்வி கணக்கு உண்டு. சாஃப்ட்வேருக்கு அதுவும் கிடையாது. முழுப் பொறுப்பும் விதி எழுதியவர் தலையில்.

"கணக்குதானே" என்கிறார். 2000-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்ச் தளங்களில் எதிரில் இருப்பது இன்னொரு வாடிக்கையாளர். இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஒருவர் கட்டுகிறார், ஜெயிக்காது என்று மற்றவர். தளம் ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. அங்கே எதுவும் விளைவதில்லை, எதுவும் விற்கப்படுவதில்லை. தம்பியின் கணக்கு எவ்வளவு துல்லியமோ, எதிரில் இருப்பவரின் நஷ்டம் அவ்வளவு நிச்சயம். அவர் இரவு இரண்டு மணிக்கு வீட்டு வாடகையை வைத்து விளையாடுகிறவராக இருக்கலாம். சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் வசதி. (ஜெயிப்பது நிச்சயம் என்றால், அதை விற்கிறவர் ஏன் மாதச் சந்தாவுக்கு விற்கிறார் என்பது வேறு கேள்வி.)

அவருடைய வாதத்தில் கனமானது ஒன்று உண்டு. சூது பகையை மூட்டும், தொழுகையைத் தடுக்கும் என்று அல்மாயிதா 91-வது வசனம் சொல்கிறது; முகம் தெரியாதவரோடு என்ன பகை, மெஷின் ஆடும்போது தொழுகைக்கு என்ன தடை? இவை சட்டத்தின் ஹிக்மத். சட்டம் நிற்பது இல்லத்தின் மீது: ஒருவர் இழந்தால்தான் மற்றவருக்குக் கிடைக்கும் என்று இருவரும் பணத்தை வைப்பது. அது அப்படியே இருக்கிறது. தொழுகையைப் பற்றி நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: ஸஜ்தாவில் இருக்கும்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தால் மனம் எங்கே போகும்? பதில் வர ஒரு நாள் ஆனது.

பிறகு கேட்டார், "ஐம்பது பவுண்ட் போட்டு வைத்துவிட்டேனே?" இன்னும் கட்டவில்லை என்றால் அது உங்கள் பணம், எடுத்துவிட்டுக் கணக்கை மூடுங்கள் என்றேன். ஏற்கெனவே ஜெயித்தவர்கள், இழந்தவர் யாரென்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அறை நண்பரையும் "சேர்ந்து ஆரம்பிக்கலாம், வா" என்று அழைத்திருந்தாராம். வா, சூதாடுவோம் என்று தோழரை அழைத்தவர் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. வெறும் அழைப்புக்கே! எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இயன்றதைக் கொடுங்கள், அந்த நண்பரிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன்.