36 மாத அனுபவம்: கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?



இந்த முறை ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் படித்து முடித்து வேலைக்குப் போகிற நம்மில் பலர் ஒரு நாள் இதைச் சந்திக்கத்தான் போகிறோம். உண்மையிலேயே திறமை உள்ள ஒருவர், ஒரு சான்றிதழுக்காகத் தன் அனுபவத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அது தப்பா?

எந்தச் சான்றிதழ் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாசாயில் எங்கள் தாமானில் வேலைக்குப் போகும் அண்ணன்மார் நாலு பேர் சேர்ந்தால் இப்போது அடிக்கடி காதில் விழும் பெயர் பிஎம்பி. திட்ட மேலாண்மைக்கான தொழில்முறைச் சான்றிதழ் இது. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற அமைப்பு 1984 முதல் இதை வழங்கி வருகிறது. பாசிர் கூடாங் ஆனாலும் சரி, பாலம் தாண்டி சிங்கப்பூர் ஆனாலும் சரி, இது கையில் இருந்தால் சம்பளம் பேசும்போது ஒரு தைரியம் வரும் என்பது அவர்கள் எண்ணம்.

இந்தத் தேர்வில் நேராகப் போய் உட்கார முடியாது. நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர், திட்டங்களை வழிநடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றவர் 60 மாதம் காட்ட வேண்டும். அதோடு 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். எந்தத் திட்டம், என்ன நோக்கம், என் பங்கு என்ன, எத்தனை மாதம் என்பதையெல்லாம் விண்ணப்பிப்பவரே எழுதுகிறார். சில விண்ணப்பங்களை மட்டும் தணிக்கைக்கு எடுத்து, மேலதிகாரியின் கையெழுத்தை வாங்கி வரச் சொல்வார்கள். மற்றவை நம் வார்த்தையை நம்பியே ஏற்கப்படுகின்றன.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இப்படிக் கேட்டார்: "தம்பி, 26 மாசம் இருக்கு. இன்னும் 10 மாசம்தானே கொறையுது. ஒரு ப்ரொஜெக்ட்ல நான் கூட இருந்து எல்லா வேலையும் பாத்தேன். அதுல 'தலைமை தாங்கினேன்'னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? பரீட்சைய நான்தானே எழுதப் போறேன்?"

இந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிடக் கூடாது. அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அலுவலகத்தில் கைதூக்கிவிட ஆள் இல்லை. தேர்வில் அவர் பார்த்து எழுதப் போவதில்லை, சொந்த மூளையால்தான் தேறப் போகிறார். இவரைப் போய்ப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

முதல் கேள்வி, யாருக்கு நஷ்டம்? தொழிற்சாலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஏஜிடி என்ற அட்டையைத் தெரிந்திருக்கும். தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவரின் அட்டை அது. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்கிறதா, தீப்பிடிக்கும் வாயு இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று பார்த்து அவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இன்னொருவர் உள்ளே இறங்குகிறார். இறங்குபவர் சோதித்தவரின் பின்னணியை விசாரிப்பதில்லை. அட்டை இருக்கிறது, போதும். சான்றிதழ் என்பது இதுதான். நம்மை விசாரிக்க நேரமில்லாத ஒருவருக்கு, "விசாரிக்காமலே என்னை நம்பலாம்" என்று நாம் முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கு பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு மழையில் சரிந்தது. 2000-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. கட்டடக் கலைஞரின் இடத்தில் இருந்தவர் முழுத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்ல. பொறியாளரோ, வடிகால் வேலை சுமார் 10 விழுக்காடு மட்டுமே முடிந்திருந்தபோது, முடிந்துவிட்டது என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அன்று அவரிடம் கேட்டிருந்தால், "ஒரு ஃபாரம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்கும் என நினைக்கிறேன். அந்த வீடுகளில் குடியிருந்தவர்களின் முகம் அந்தத் தாளில் தெரியாது.

"அது கட்டடம், இது வெறும் மேனேஜ்மென்ட்" என்று நீங்கள் சொல்லலாம். வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாசிர் கூடாங்கில் ஒரு ஷட்டவுன் நடக்கும்போது யோசித்துப் பாருங்கள். நாள் நெருங்குகிறது, முதலாளி பக்கம் அவசரம், பெர்மிட் இன்னும் வரவில்லை. "நிறுத்து, பெர்மிட் வரட்டும்" என்று சொல்ல வேண்டியவர் திட்டத்தை நடத்துபவர்தான். அவர் சொல்லாவிட்டால் ஆபத்து வெல்டிங் அடிக்கிற ஆளுக்கு.

இங்கேதான் இரண்டாவது கேள்விக்கும் பதில் வருகிறது. "பரீட்சைய நான்தானே எழுதப் போறேன்?" உண்மை. அறிவைச் சோதிக்கத் தேர்வு இருக்கிறது. அப்படியானால் 36 மாதத்தை எதற்குத் தனியாகக் கேட்கிறார்கள்? தேர்வால் பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்கத்தான். தன் பெயரில் ஒரு வேலை கெட்டுப் போய், அதற்குப் பதில் சொல்லி, மறுபடி நிமிர்த்திய பழக்கம் இவருக்கு உண்டா என்பதே அந்தக் கேள்வி. கூட இருந்து உதவியவருக்கு அந்தப் பாரம் வேறொருவர் தோளில் இருந்தது. திறமை இருக்கிறது என்பது ஒரு கேள்விக்குப் பதில். அதை இன்னொரு கேள்விக்குப் பதிலாக எழுத முடியாது. பிஎம்ஐ-யின் நெறிமுறை நான்கு பண்புகளைச் சொல்கிறது: பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை. சான்றிதழ் வாங்கிய பிறகு மட்டுமல்ல, விண்ணப்பிக்கத் தொடங்கும்போதே அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இதோடு நிறுத்தினால் பாதி நியாயம்தான் பேசியதாகும். ஏனென்றால் நம்மவர்களிடம் கூட்டிச் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

என் அப்பா பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை செய்தவர். என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டால், "சும்மா ஆளுங்களப் பாத்துக்கிட்டேன்யா" என்பார். தோண்டிக் கேட்டால் கதை வேறு. பம்ப் மாற்றும் வேலைக்கு எத்தனை ஆள், கிரேன் எத்தனை மணிக்கு, உதிரிபாகம் வராவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்தியவர் அவர்தான். பதவிப் பெயர் மட்டும் வேறொருவரிடம் இருந்தது. அவருடைய விண்ணப்பத்தை யாராவது நிரப்பியிருந்தால், அந்தத் திட்டங்களை "வழிநடத்தினேன்" என்று எழுதுவதில் ஒரு சொல்கூடப் பொய் இருந்திருக்காது. படிவம் கேட்பது பதவியை அல்ல, செய்த வேலையை.

அடக்கம் நல்ல குணம்தான். சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். ஆனால் உள்ளதை இல்லை என்பது அடக்கம் ஆகாது. பத்து ரூபாய்க் கணக்கை எட்டு என்று எழுதினாலும், பன்னிரண்டு என்று எழுதினாலும் கணக்கு தப்புத்தான். இந்த இரண்டு தப்பும் ஒரே சந்தையில் நடக்கும்போது என்ன ஆகிறது? கூட்டிச் சொல்பவர் மேலே போகிறார், குறைத்துச் சொல்பவர் அங்கேயே நிற்கிறார். ஆக அந்த அண்ணனின் 10 மாதத்தால் முதலில் நஷ்டப்படுபவர், என் அப்பாவைப் போன்ற ஒருவராகக்கூட இருக்கலாம்.

அப்படியானால் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. எழுதிய வரியை இரண்டு பேர் முன் வாசித்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் மேலதிகாரி. இன்னொருவர் உங்களுக்குக் கீழே வேலை செய்தவர். இரண்டு பேரும் "ஆமா" என்று தலையாட்டினால் அந்த வரி நிற்கும். மேலதிகாரி முகம் சுளித்தால் கூட்டிவிட்டீர்கள். கீழே இருந்தவர், "என்னண்ணே, நீங்கதானே எல்லாம் பாத்தீங்க, இவ்வளவுதான் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால் குறைத்துவிட்டீர்கள்.

என்னைப் போல் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது. சிஏபிஎம் என்பது அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழ். பள்ளிப் படிப்பு முடித்து, 23 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி பெற்றால் போதும். அனுபவமே கேட்பதில்லை. கட்டணம் அமெரிக்க டாலரில் இருப்பதால் முன்கூட்டியே சேமிக்க வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன திட்டம், எதை நீங்கள் முடிவு செய்தீர்கள், எதை மற்றவர் முடிவு செய்தார், தேதி என்ன, உடன் இருந்தவர் யார் என்று மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள். கல்யாணம், பிறந்தநாள் போன்ற வீட்டு விசேஷங்களை நடத்தியது கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

10 மாதம் குறைகிறவருக்கு அந்த 10 மாதத்தில் ஒரு வேலையைத் தன் பெயரில் கேட்டு வாங்கிச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. "இந்த முறை நான் நடத்துறேன் சார்" என்று கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். படிவத்தில் ஒரு சொல்லை மாற்றுவதைவிட அது கஷ்டம்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்கியவர் பிறகு எழுதும் "வழிநடத்தினேன்" என்ற சொல்லை, எந்தத் தணிக்கை வந்தாலும் திருத்த வேண்டியிருக்காது.

உங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். வீட்டில் அப்பா, அம்மாவிடமும் அவர்கள் உண்மையில் என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒருமுறை தோண்டிக் கேளுங்கள்.