தனிப்பந்தியும் தனிச்சபையும்

இறைவன் முன் மாந்தர் அனைவரும் சமம் என்று போதிக்கும் ஒரு சமயச் சமூகம், இனத்தால் வேறுபட்டவரை உண்மையாகவே தன்னவராக ஏற்றிருக்கிறதா என்பது, அவருக்கு அது எந்தப் பந்தியில் இடம் தருகிறது என்பதைக் கொண்டே விளங்கும். தென்னாப்பிரிக்காவின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கிறிஸ்து தம் சீடரோடு உண்ட கடைசி விருந்தின் நினைவாக, விசுவாசிகள் அப்பத்தைப் பிட்டுத் திராட்சை இரசத்தோடு பகிர்ந்துகொள்ளும் சடங்கு திருவிருந்து எனப்படும். நிற வேறுபாடின்றி அதை எல்லோருக்கும் ஒருசேர வழங்க வேண்டும் என்று அத்திருச்சபையின் சினோடு, அதாவது போதகர்களும் மூப்பர்களும் கூடி முடிவெடுக்கும் பேரவை, 1829இல் தீர்மானித்திருந்தது. ஆயினும் கறுப்பினத்தவரோடும் கலப்பினத்தவரோடும் சேர்ந்து திருவிருந்து பெற வெள்ளையர் பலர் மனம் ஒப்பாமையால், 1857இல் கூடிய சினோடு, எல்லோரும் ஒரே சபையில் இருப்பதே வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்ட பின்னரும், சிலரது பலவீனத்தை முன்னிட்டுத் தனி வழிபாட்டுக்கு இடம் கொடுத்தது. அச்சலுகை நாளடைவில் விதியாயிற்று; 1881இல் கலப்பினத்தவர்க்கெனத் தனி மிஷன் திருச்சபை உருவாயிற்று; 1948க்குப் பின் இன ஒதுக்கல் அரசின் கொள்கையானபோது, அதற்கு வேதத்திலிருந்து நியாயம் கற்பிக்கும் நிலைக்கு டச்சுத் திருச்சபை தாழ்ந்தது.

இங்கே பலவீனர் என்று பரிவு பெற்றவர்கள் விலக்கியவர்களே. விலக்கப்பட்டவரின் மனப்புண்ணைச் சினோடு கணக்கில் கொள்ளவில்லை. சபையின் அமைதி குலையலாகாது, பழைய உறுப்பினர் மனம் நோகலாகாது என்னும் நல்லெண்ணத்தின் வழியாகவே வழிபாட்டுத் தலங்களுக்குள் புறக்கணிப்பு நுழைகிறது. ஆதலால்தான் அதை இனங்காண்பதும் எதிர்ப்பதும் கடினமாகின்றன.

எனினும் தள்ளிவைக்கப்பட்டவர்கள் தம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கலை நியாயப்படுத்தும் இறையியலைத் துர்உபதேசம் என்று அறிவித்து, மிஷன் திருச்சபையின் போதகர் ஆலன் பூசாக்கைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் மிஷன் திருச்சபை வரைந்து 1986இல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் விசுவாச அறிக்கை, பிறப்பு வழி எதுவும் சபை உறுப்புரிமைக்கு அளவுகோல் ஆகாது என்று உரைத்தது. அதை எழுதியோர் தம் இனத்தை மறைக்கவோ மறக்கவோ இல்லை. தம்மைப் புறந்தள்ளிய சபையையே அதன் வேதத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்டனர். ஒரு சமூகத்துக்கு உரியவராதல் என்பது, அச்சமூகத்தைக் கண்டிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மிஷன் திருச்சபையும் கறுப்பினத்தவர்க்கென அமைந்திருந்த தனித் திருச்சபையும் 1994இல் ஒன்றிணைந்தன. 1986இலேயே தன் கதவை எல்லா இனத்தவர்க்கும் திறந்துவிட்ட டச்சுத் திருச்சபையோ, இன்றளவும் அவற்றோடு ஒன்றாகவில்லை. ஒரு சினோடு தந்த சலுகையை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் முழுமையாக மீட்க முடியவில்லை. ஆகவே, சிலரது மனம் நோகாதிருக்கப் பிறரைத் தனியே அமர்த்தும் ஏற்பாடு எந்த வழிபாட்டுத் தலத்தில் முன்மொழியப்பட்டாலும், அதை முதல் நாளிலேயே மறுப்பது அங்குள்ள ஒவ்வொருவரின் கடமையாகும்.