மனமும் உயிரும்

ஆதம்பாக்கம் நந்தீசுவரர் திருமுன் கூடியுள்ள நாம், மனமே உயிரோ என்பதனை இன்று ஆராய்வாம்.

மேனாட்டு உளநூலாருள் வுண்ட் என்பார் 1879-இல் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் நிறுவி, நனவிலெழும் உணர்வுகளை அளந்தார். பிராய்ட், கனவின் வழியே அடிமனத்து விழைவுகளைத் துருவினார். 1913-இல் அமெரிக்கராகிய வாட்சனோ, அகத்தை விடுத்துப் புறச்செயலையே ஆராய்க என்றார். அளக்கவியலாததை ஒதுக்கிவிடுதல் எளிதன்றோ! சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறை 1943-இல் போவாஸ் என்பாரால் தொடங்கப்பெற்றது.

இவர்கள் ஆராய்ந்தது கருவியின் இயல்பே. அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்றும், அமைச்சரொடு கூடிய அரசன் போல் ஆன்மா அவற்றொடு கூடி நனவு முதல் உயிர்ப்படக்கம் ஈறாக ஐந்து நிலைகளிற் பொருந்தும் என்றும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் தெளிவித்தருளினார்.

இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. கண்ணிற் படலம் படர்ந்தால் நாணாது மருத்துவரை நாடுகின்றோம். மனமும் மாயையிற் றோன்றிய கருவியே. அது பழுதுற்றாரை மட்டும் வினைப்பயனென்று சொல்லி வீட்டினுள் மறைக்கின்றோம். உயிரே கெட்டதென எண்ணுவார் அங்ஙனஞ் செய்யலாம். சித்தாந்தம் கற்ற நாம் செய்யலாமோ? கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை நமக்கு நெடுந்தொலைவன்று. அங்குச் சென்று மீளும் அன்பர் அடுத்த பிரதோடத்திற்கு வரின், நம் அருகிலேயே இடம் விடுவோமாக.