நான்காவது வாரம் வரை

2001 ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம், ஃப்ளுவாக்ஸெட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தின் 40 மில்லிகிராம் கேப்சூலை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. 180 நாள் தனி விற்பனை உரிமையோடு அங்கே ஒரு மருந்தை விற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். அதே மாதம் 6ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

மாத்திரை புறப்பட்ட ஊரில் இப்போது குடியிருக்கிறேன். சங்கிலி கட்டிய மாநிலத்தில் பிறந்து வளர்ந்தேன். அதனால் இந்த இரண்டும் என் மனதில் சேர்ந்தே கிடக்கின்றன. ஹைதராபாத் உப்பலில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்று ஏறக்குறைய ஒரு டீயின் விலைக்குக் கிடைக்கிறது. மருந்துக்குப் பஞ்சமில்லை. மருந்தை விழுங்கிய பிறகு வருகிற நாட்களை எப்படிக் கடப்பது, யாரிடம் சொல்லிக்கொண்டு கடப்பது என்பதுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து தங்கை போன் செய்து, "அக்கா, அவளுக்கு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. சாப்பிட்டதிலேர்ந்து வாந்தி வர்ற மாதிரியே இருக்காம், தூக்கமும் இல்லையாம். நிறுத்திடட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் மகளுக்கு வயது பத்தொன்பது.

எனக்கும் சில வருடங்களுக்கு முன்பு எஸ்சிடலோப்ராம் என்னும் மனச்சோர்வு மருந்தை எழுதித் தந்தார்கள். இந்த வகை மருந்துகளில் மனிதரைச் சோதிப்பது அவற்றின் கால வரிசை. தொல்லை முதலில் வருகிறது, நன்மை பிறகு வருகிறது. குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம், இருப்புக்கொள்ளாத ஒரு பரபரப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடலாம். மனம் லேசாவது இரண்டு வாரத்தில் தொடங்கினால் உண்டு, பலருக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாளை காலை எழ முடியுமா என்பதே சந்தேகமாக இருக்கும் ஒருவரிடம் போய், 'இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள், அதுவரை உடம்பும் கொஞ்சம் படுத்தும்' என்று சொல்வது எவ்வளவு பெரிய கோரிக்கை! மாத்திரையைக் கைவிடுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த இடைவெளியில்தான் கைவிடுகிறார்கள். அவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்படித்தான் இருக்கும் என்று அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் வயிற்றைப் புரட்டுகிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பாதி பயம் போயிற்று. இந்த மாத்திரை வேலை செய்வது செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல். அது மூளைச் சமாசாரம் என்றே நினைத்திருந்தேன். நம் உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மாத்திரை மூளையை மட்டும் தேடிப் போவதில்லை, வழியில் குடலையும் தொடுகிறது. குடல் சில நாட்களில் பழகிக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். தூக்கத்தைக் கெடுத்தால் காலையிலும், தூங்க வைத்தால் இரவிலும் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். சிறிய அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவதும் உண்டு. இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் சின்ன விஷயம் தெரியாமல் ஒருவர் சிகிச்சையையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அதே மாத்திரை அதே அளவில் ஒரு தொந்தரவும் தரவில்லை. எனக்கு ஏன் தந்தது? உப்பலிலிருந்து தார்நாக்கா போகிற சாலையில், ஹப்சிகுடாவில் சிசிஎம்பி என்கிற உயிரணு, மூலக்கூறு ஆய்வு மையம் இருக்கிறது. இந்திய மக்களின் மரபணுக்கள் எத்தனை விதமாக வேறுபடுகின்றன என்பதைப் பல காலமாக ஆராய்ந்துவரும் இடம். மருந்து விஷயத்திலும் அந்த வேறுபாடு உண்டு. எஸ்சிடலோப்ராமைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளில் முக்கியமானது ஒன்று, மரபணு காரணமாகச் சிலருக்கு மெதுவாக வேலை செய்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பியரைவிட நம்மில் அதிகம். அவர்களுக்கு 10 மில்லிகிராமே மற்றவர்களின் 20 போல ரத்தத்தில் நிற்கலாம். ஆகவே 'அவளுக்கு ஒத்துக்கிச்சே, உனக்கென்ன' என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. அவளுடைய கல்லீரல் வேறு, என்னுடையது வேறு.

இவையெல்லாம் உடம்பின் சங்கதிகள். நான் அதிகம் யோசித்தது வேறொன்றைப் பற்றி.

மருந்து நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, பெரியப்பாவின் சாவுக்கு ஊருக்குப் போனேன். என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர். பந்தலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை. அது உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் ஏறி வரவில்லை. யாரோ ஒருத்தி, 'ஹைதராபாத் போனதும் நெஞ்சு கல்லாயிடுச்சு' என்றது காதில் விழுந்தது. திரும்பி வரும் ரயிலில் அந்தச் சொல்லைவிட என்னை அரித்தது ஒரு கேள்விதான். அங்கே அழாமல் நின்றது நானா, மாத்திரையா?

இந்தக் கேள்வி மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஏதோ ஒரு நாளில் வருகிறது. சந்தோஷமும் முழுதாக இல்லை, துக்கமும் முழுதாக இல்லை, எல்லாம் ஒரு விரற்கடை தள்ளி நடக்கிறது. உணர்வு மழுங்குதல் என்று மருத்துவம் இதை அறிந்திருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு பக்கவிளைவாகத் தெரிவதில்லை, தன் குணமே மாறிவிட்டதாகத் தெரிகிறது. அதனால் மருத்துவரிடம் சொல்லவும் தோன்றுவதில்லை. குமட்டலைச் சொல்வோம். 'என் பெரியப்பாவுக்காக என்னால் அழ முடியவில்லை' என்பதை ஒரு நோய்க்குறியாக எப்படிச் சொல்வது?

நான் எனக்குள் இப்படிக் கேட்டுப் பார்த்தேன். மருந்துக்கு முன்பு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவள் யார்? பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகத்தருகே குனிந்து கூப்பிட்டபோது பதில் சொல்லாதவள் யார்? அவளும் எதற்கும் அழவில்லை. ஆக, அழுகையை முதலில் எடுத்துக்கொண்டது நோய். வெளியிலிருந்து பார்த்தால் நோயின் மரத்துப்போதலும் மருந்தின் மரத்துப்போதலும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே வேறு. நோயில் எதன்மீதும் பிடிப்பில்லை, அதோடு நாள் முழுக்க வலியும் இருந்தது. மருந்தில் வலி இல்லை, பிடிப்பு மட்டும் கொஞ்சம் எட்டத்தில் நின்றது. இரண்டில் எதைத் தேர்வாய் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் தேர்வேன். ஆனால் இந்த இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அது மருத்துவரிடம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவர் தெலுங்குப் பெண்மணி. கடையிலும் ஆட்டோவிலும் பேசுகிற தெலுங்கு எனக்கு வரும். தலைவலியைச் சொல்லிவிடுவேன், இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் முதல் நாள் இரவே தமிழில் ஒரு தாளில் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து இந்தியும் தெலுங்குமாகச் சொன்னேன். பாதியில் தமிழ்தான் வந்தது. அவர் நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "இதைச் சொன்னதற்கு நன்றியம்மா. இதற்கு வழியிருக்கிறது. அளவைக் குறைத்துப் பார்ப்போம், போதவில்லையென்றால் வேறு மருந்து. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஒன்றுதான் வேண்டாம்" என்றார். அளவு குறைந்து சில வாரங்களில் என் பழைய கோபங்கள்கூடத் திரும்பி வந்தன. வீட்டில் அதைப் பார்த்து நிம்மதியடைந்தார்கள்.

தாய்மொழியைவிட்டு வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது மருத்துவரைச் சந்திப்பதற்கு மாற்று ஆகாது. சொல்ல வேண்டியதை முதல்முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும், அடுத்து எங்கே போவதென்று கேட்கவும் அது உதவும்.

சொல்லப்படாமலே போவது இன்னொன்று உண்டு. இந்த மருந்துகள் தாம்பத்திய விருப்பத்தையும் இன்பத்தையும் குறைக்கலாம். மிகப் பரவலான பக்கவிளைவுகளில் ஒன்று இது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரும். கணவன் தன்னை மனைவி வெறுக்கிறாள் என்று நினைப்பான், மனைவி தனக்கு வயதாயிற்று என்று நினைப்பாள், மாத்திரையை இருவரும் நினைக்க மாட்டார்கள். வெட்கத்தால் எத்தனை வீடுகளில் வீண் மனக்கசப்பு! மருத்துவர் கேட்காவிட்டாலும் தனியாக இருக்கும்போது நாமே சொல்லிவிட வேண்டும். அளவைச் சரிசெய்யலாம், இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கும் மாறலாம்.

'மாத்திரை பழகிடும், அப்புறம் விடவே முடியாது' என்று ஊரில் சொல்வார்கள். இதில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. எஸ்சிடலோப்ராமோடு குளோனாஸெபாம் சேர்த்த கூட்டு மாத்திரை நம் நாட்டில் சகஜமாக எழுதப்படுகிறது. குளோனாஸெபாம் பதற்றத்தை உடனே தணிக்கும். நீண்ட நாள் எடுத்தால் பழகுவது அதுதான். தன் மாத்திரையில் என்னென்ன இருக்கிறது, எது எத்தனை நாளைக்கு என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. மனச்சோர்வு மருந்து அப்படி ஏக்கம் பிடிக்க வைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு எதிர்க்கும். தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல வெட்டுகள். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போல உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் இது கடுமை. வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளுவாக்ஸெட்டினில் குறைவு. ஆகவே இறங்குவதும் படிப்படியாகத்தான், மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான்.

பொறுத்துக்கொள்ளக் கூடாத பக்கவிளைவுகளும் உண்டு. என் மாமனாரைப் போன்ற முதியவர்களுக்கு, குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். திடீர்க் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் வயதின் மேல் பழி போடாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். டிரமடாலோடு சேர்ந்தால் செரோட்டோனின் மிகையாகி ஜுரம், நடுக்கம், தசை இறுக்கம் வரலாம். மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது வாங்குகிற பழக்கம் இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. தூக்கமே தேவைப்படாத அபார உற்சாகம் பொங்கினால் அதுவும் உடனே சொல்ல வேண்டியது. அது இருமுனை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

இளம் வயதினர் விஷயம் தனி. சிறுவர், பதின்வயதினர் விஷயத்தில் 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துகளின் தகவல் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. சிறுவர்களிடம் நடந்த சோதனைகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் இருந்தது. யாரும் இறக்கவில்லை. மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல, கவனிக்கப்படாத மனச்சோர்வும் உயிரைக் குடிக்கும். முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் அந்தப் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்பதே பொருள்.

முதல் மருந்து சரிப்படாவிட்டால் வாழ்க்கை முடிந்ததாக நினைப்பவர்களுக்காக ஒன்று. 4,000 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாக மீண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். மருந்தை மாற்றுவதும் சேர்ப்பதும், மனநல ஆலோசகரிடம் பேச்சுச் சிகிச்சை எடுப்பதும் சிகிச்சையின் வழக்கமான படிகள். லேசான மனச்சோர்வுக்குச் சில சமயம் பேச்சுச் சிகிச்சையே போதும். மருந்து எழுதுவது மனநல மருத்துவர், பேச்சுச் சிகிச்சைக்கு உளவியலாளர். இருவரும் வேண்டியிருக்கலாம்.

உப்பலில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறினால், எர்ரகட்டா வந்துவிடும். அங்கே அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லி மனிதர்களைக் காயப்படுத்துவதுபோல இங்கே எர்ரகட்டா என்று சொல்லிக் காயப்படுத்துகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் போனவர்கள் உண்டு. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது, அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது, மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோயைப் போலவே நடத்தச் சொல்கிறது. ஏர்வாடியில் வெந்தவர்களுக்கு அது மிகவும் தாமதமாக வந்தது.

தங்கையிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "நிறுத்தாதே, அதுக்காக அவளைப் பொறுத்துக்கோன்னும் சொல்லாதே. என்னென்ன செய்யுது, எப்போ செய்யுதுன்னு அவளையே எழுதச் சொல்லு. எழுதின டாக்டருக்கு இன்னைக்கே போன் போடு. கிடைக்கலேன்னா நாளைக்குக் காலையில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. செத்துடலாம் போல இருக்கான்னு நேராவே கேளு, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா காலை வரைக்கும் காத்திருக்காதே, உடனே கூட்டிட்டுப் போ. எப்படியும் ராத்திரி அவ பக்கத்துல படுத்துக்கோ. மாத்திரை அட்டை உன் கிட்டயே இருக்கட்டும்." அவள் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, மருத்துவரின் எண்ணைத் தேட போனை வைத்தாள்.