விழாத தண்ணீர்

அதிராம்பட்டினத்துப் பக்கம் நீராலையின் சரித்திரத்தைத் தேடுகிறவனுக்குக் கிடைப்பது உலக்கைதான். காரணம் எளிது. சக்கரம் சுழல நீர் விழவேண்டும். கடைமடையில் நீர் விழுவதில்லை, வந்து சேர்ந்தாலே பெரிது. பட்டுக்கோட்டைச் சீமையில் காவிரி பரவியதே 1934-ல், மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயால். இமயத்துச் சரிவுகளில் ஓடையே மாவரைத்தது. ஔரங்காபாத் பன்சக்கியில் மலை ஊற்றிலிருந்து மண்குழாயில் வந்த நீர் தானியம் அரைத்தது. இங்கே நீருக்கு வயலில் நிற்பது ஒன்றே வேலை. நெல்லைப் பெண்கள் குத்தினார்கள்.

நீர் செய்யக்கூடிய வேலையை மனுஷி செய்வது அறமா என்று கேட்கலாம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஆன்டிபாட்டர் என்ற கிரேக்கக் கவிக்கு இதில் சந்தேகமே இல்லை. நீராலை வந்துவிட்டது, திரிகை சுற்றும் பெண்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று பாடினான். 1867-ல் மார்க்ஸ் 'மூலதன'த்தில் அவனை நினைவுகூர்ந்தது ஒருவகைக் கிண்டலோடுதான். தூக்கம் வரவில்லை, ஆலைக்குச் சொந்தக்காரன் வந்தான். மார்க் பிளாக் 1935-ல் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது. இடைக்கால ஐரோப்பாவில் பிரபுவின் ஆலையில்தான் அரைக்கவேண்டும் என்று குடியானவனைக் கட்டாயப்படுத்தினார்கள். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவிகள் வீடுகளிலிருந்த திரிகைகளைப் பிடுங்கி மடத்துத் தரையில் பதித்தார்கள். 1381 கலகத்தில் ஜனங்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்தது. தங்களை வருத்திய கல்லுக்காகவே கலகம் செய்தார்கள் என்பதை நம் முன்னேற்றவாதிகள் யோசித்துப் பார்க்கலாம்.

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா, அரிசி ஆலை தவிட்டின் சத்தையும் ஏழையின் கூலியையும் ஒருங்கே உரித்துவிடுகிறது என்று வாதாடினார். சத்து விஷயத்தில் விஞ்ஞானம் அவர் பக்கம். (புழுங்கலரிசி தின்றதால் நாம் பெரிபெரிக்கு ஓரளவு தப்பினோம் என்பது வேறு கதை.) கூலி விஷயம் அவ்வளவு நேரானதல்ல. தன் வீட்டு நெல்லைத் தானே குத்தியவளுக்கு ஆலை விடுதலை. பண்ணை வீட்டு நெல்லைக் கூலிக்குக் குத்தியவளுக்கு அது பட்டினி. முதலாமவளின் முதுகுவலி நிஜம். இரண்டாமவளின் காலிப் பானையும் நிஜம். இருவரையும் 'பெண்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது எனக்கு நேர்மையற்றதாகவே படுகிறது. கைக்குத்தலின் மகிமையை எழுதியவர்களில் உலக்கை பிடித்தவர்கள் அநேகமாக யாருமில்லை. ஆலையைப் புகழ்ந்தவர்களிலும்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1937-ல் மேட்டூரில் மின்நிலையம் வந்தது. காவிரி அங்கே விழுந்தது. அதன் விசை கம்பி வழியாகத் தஞ்சைப் பகுதிக்கும் வந்து, பின்னாளில் ஆலைகளையும் ஓட்டியது. ஆக, நீராலை இங்கும் வரத்தான் செய்தது, சக்கரத்தைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைத்துவிட்டு. தண்ணீருக்காகக் கடைமடைக்காரன் மனுப் போட்டான், மறியல் செய்தான். தண்ணீரின் விசை யாருக்குச் சொந்தம் என்று கேட்கவில்லை. அரைகூலியைக் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.