மூன்று இலை போதும், பேசு!

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பேச்சைப் பாரு!"

இந்தச் சொல்லடி படாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? வீட்டுக் கூடத்தில் வாங்கியிருப்பாய். வகுப்பறையில் வாங்கியிருப்பாய். கல்யாணப் பந்தியிலும் சாவு வீட்டுத் திண்ணையிலும்கூட வாங்கியிருப்பாய். வாங்கிய கையோடு வாயை மூடிக்கொண்டு, கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்திருப்பாய். சற்று நேரம் கழித்து அதே பெரியவர் வந்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுலயும் அக்கறையே இல்ல" என்று அங்கலாய்த்திருப்பார்.

தம்பி, தங்கச்சி, உங்களோடுதான் பேசுகிறேன். நாற்றங்கால் வரப்பில் நிற்கும் உழவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். மூன்று இலை நாற்றைப் பார்த்தே அவர் வயலின் சுகத்தைச் சொல்லிவிடுவார். எங்கே தண்ணீர் ஏறவில்லை, எங்கே பூச்சி தொட்டிருக்கிறது, எந்தப் பாத்தி சோர்ந்து கிடக்கிறது எல்லாம் அந்த மூன்று இலையில் எழுதியிருக்கிறது. வீட்டில், தெருவில், ஊரில் என்ன கோளாறு என்பது உங்கள் மேல் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வேண்டிய வாய் உங்களுடையது. ஏன் விழுங்கிக்கொண்டு நிற்கிறீர்கள்?

விழுங்கியதன் வலி எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். மாலை நாலரைக்கு மேல் அது எங்கள் ராஜ்ஜியம். அந்தப் பொட்டலில் ஒரு கட்டடம் கட்டுவதென்று ஊர்க்கூட்டம் கூடியது. நல்ல நோக்கம்தான், யாரும் கெட்டவர் இல்லை. நான் தூணோரம் நின்றிருந்தேன். எனக்குள் ஒரு சேதி இருந்தது. பொட்டலில் எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் பந்து கடைசியில் வடகிழக்கு மூலைக்குத்தான் உருண்டு போகும். அங்கே ஆள் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு பள்ளம். பந்து உருளும் வழியேதான் மழைத்தண்ணீரும் ஓடிக் குளத்தில் விழும். ஐப்பசி அடைமழையில் முழங்கால் நனைய அந்தப் பள்ளத்தில் பந்து தேடியவர்கள் நாங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசிய ஒருவருக்கும் அது நினைவில்லை. அவர்கள் அங்கே விளையாடி முப்பது வருஷம் ஓடியிருந்தது.

"அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க." நாலே சொல். தொண்டை வரை வந்தது. நம்ம பேச்சு அம்பலம் ஏறுமா என்ற கூச்சத்தில் எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

கட்டடம் அந்த மூலையை அடைத்துக்கொண்டு எழுந்தது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வழி தேடித் தெருவுக்குள் வந்தது. முதலில் நுழைந்தது கடைசி வீட்டுப் பாட்டியின் அடுப்பங்கரையில். அடுப்புச் சாம்பல் கரைந்து கறுத்த தண்ணீரை அந்தப் பாட்டி முறத்தால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்கிறாயா? இருக்கலாம். கேட்காமல் விட்டிருந்தால் பழி அவர்களோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டதால் அது என்னோடு இருக்கிறது. இன்றும் மழை வலுத்தால் அந்தச் சாம்பல் தண்ணீர் என் கண்ணில் ஓடுகிறது.

கரிகால் சோழனைப் பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது. மணிமேகலையிலும் பழமொழி நானூற்றிலும் அதன் குறிப்பு உண்டு. வழக்கோடு வந்த முதியவர்கள், அரசனின் இளமையைப் பார்த்துத் தயங்கினார்களாம். இந்தப் பிள்ளைக்கு என்ன நியாயம் தெரியப்போகிறது என்ற தயக்கம். அதை உணர்ந்த கரிகாலன் நரைமுடி தரித்து, முதியவர் கோலத்தில் வந்து தீர்ப்புச் சொன்னான். வந்தவர்கள் மனம் நிறைந்து போனார்கள். அரசனின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கோ இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. நரைக்குள்ளே இருந்தது அதே மூளை. சொன்னது அதே தீர்ப்பு. மாறியது மயிரின் நிறம் மட்டும்! முடிசூடிய மன்னனே நரை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உனக்கு அந்த வேஷம் வேண்டாம். கறுத்த முடியோடு, அரும்பு மீசையோடு, இரட்டைச் சடையோடு, உள்ளபடி வந்து பேசு.

அது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் சுவாமிமலைக்கு அழைத்துப் போ. பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, தகப்பன் மாணவனாகப் பணிந்து கேட்டான் என்பது அந்தத் தலத்தின் கதை. தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக அங்கே அறுபது படி. அறுபது வருஷத்தையும் ஏறி முடித்தால் உச்சியில் நிற்பது ஒரு சிறுவன்! இதை வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளை வாயைத் திறந்ததும் அதட்டுவது எந்த ஊர் பக்தி?

சரி, எதைப் பற்றிப் பேசுவது? மரபைப் பற்றிப் பேசு. அதற்குத்தான் நீ அதிகம் பயப்படுகிறாய். மரபு என்றால் அப்படியே கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே குப்பையில் போட வேண்டும் என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைக்கிறாய். பறையைப் பார். சாவு வீட்டு வாத்தியம் என்று அதை ஒதுக்கி, அடித்தவர்களையும் சேர்த்து ஒதுக்கியது இந்தச் சமூகம். அந்த ஒதுக்கலை ஏற்க மறுத்த இளைஞர்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். தீயில் தோலைக் காய்ச்சிக் கல்லூரி மேடைகளில் அடித்தார்கள். பெண் பிள்ளைகள் சலங்கை கட்டி அடவு போட்டார்கள். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே தோல், அதே குச்சி. இழிவைக் கழற்றி எறிந்துவிட்டு இசையை எடுத்துக்கொண்டார்கள். மரபோடு பேசுவது என்றால் இதுதான்.

கழற்ற முடியாத இழிவும் உண்டு. அங்கே வேரோடு பிடுங்கத்தான் வேண்டும். புதுக்கோட்டையில் அன்று ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் வந்து உட்காருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெண் முத்துலட்சுமி. எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். 'வழிவழியாக வந்தது, தொடாதே' என்று எத்தனை பேர் தடுத்திருப்பார்கள்! 1947இல் சட்டமே வந்து அந்த முறையை முடித்து வைத்தது.

2017 சனவரியை நீ சிறுவனாகப் பார்த்திருக்கலாம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அதை எதிர்த்து அந்தச் சனவரியில் அலங்காநல்லூரில் மூண்ட கனல் மெரினாவில் கடலாகத் திரண்டது. மின்விளக்கு அணைந்த இரவில் ஆயிரமாயிரம் கைப்பேசிகள் வெளிச்சம் காட்டின. குப்பையைப் பொறுக்கியவர்களும் போக்குவரத்தைச் சீர்செய்தவர்களும் அதே பிள்ளைகள்தான். சனவரி 23இல் சட்டமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு வேண்டும் என்பாயோ வேண்டாம் என்பாயோ, அது உன் உரிமை. ஆனால் காளையை மீட்டதோடு கேள்வி தீர்ந்துவிட்டதா? வாடிவாசலில் முதல் மரியாதை யாருக்கு? ஏன் அவருக்கு? குத்துப்பட்டுச் சாய்ந்த பிள்ளையின் வீட்டுக்கு யார் பொறுப்பு? இதையும் நீதான் கேட்க வேண்டும். மெரினாவில் எழுந்த அதே தொண்டையால் உன் ஊர் மந்தையிலும் கேள்!

விளையாட்டுக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரேனை வென்று 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார் சென்னைப் பிள்ளை குகேஷ். சிறுவனாக இருந்தபோதே, உலகின் மிக இளைய சாம்பியனாக வேண்டும் என்று கேமரா முன்னால் சொன்னவர் அவர். சிரித்துவிடுவார்களோ என்று விழுங்கவில்லை. சொன்னார், ஆடினார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு டீத் தட்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஊர்க் கோயில் முன்மண்டபத்தில் விளையாட்டு விழாக் கூட்டம். நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு. ஆண்களுக்கு: கபடி, வாலிபால், ஸ்லோ சைக்கிள், வழுக்கு மரம். பெண்களுக்கு: கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன். வருஷா வருஷம் இதேதான். பழைய நோட்டீஸைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு டீ கொடுக்க வந்த பதினோராம் வகுப்புப் பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தது போலும்.

"ஏன், எங்களுக்குக் கபடி போடக் கூடாதா?"

மண்டபம் அமைதியானது. ஊரில் பழைய சடுகுடு ஆட்டக்காரர் ஒருவர், எல்லோருக்கும் தாத்தா. அவர்தான் முதலில் பேசினார். "பொம்பளப் புள்ளைங்க மண்ணுல உருள்றதா? ஊரு என்ன பேசும்?"

"நாத்து நடுறப்ப சேத்துல நிக்கிறோமே தாத்தா, அப்ப ஊரு ஒண்ணும் பேசலையே?"

தட்டில் இருந்த டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கை அப்படி நடுங்கியது. சொல் நடுங்கவில்லை. "ஸ்கூல்ல ஆடுறோம். ஏழு பேர் இருக்கோம். பக்கத்து ஊர்ல ஒரு டீம்கிட்டயும் பேசிட்டேன். ஒரு மணி நேரம் மைதானம் குடுங்க, போதும்."

அந்தப் பிள்ளை செய்ததைக் கவனி. அழவில்லை, யாரையும் ஏசவில்லை. தாத்தா என்ற உறவை விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறுங்கையோடு வரவில்லை. ஆளைத் திரட்டி, எதிரணியைப் பேசி முடித்து, என்ன வேண்டும் என்பதை அளந்து வைத்துக்கொண்டு வந்திருந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடி 2010இலேயே சேர்ந்துவிட்டது. அந்த முதல் முறையே இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். கண்டம் ஏற்றுக்கொண்டதை எங்கள் மண்டபம் ஏற்க ஒரு டீத் தட்டு வர வேண்டியிருந்தது. நான் பேனாவைத் திறந்து, கோலப்போட்டிக்கு மேலே எழுதினேன்: பெண்கள் கபடி.

அன்றாட வாழ்க்கை பற்றியும் இப்படித்தான் பேச வேண்டும். 18 வயதாகி ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் ஏறிய நொடியிலிருந்து நீ கிராம சபை உறுப்பினர். யாரும் உனக்குத் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டியதில்லை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள் சபை கூடும். இந்த உரிமை சும்மா வரவில்லை. 1989க்கு முன் வாக்களிக்க 21 வயது ஆக வேண்டும். அரசியல் சாசனத்தையே திருத்தி 18 ஆக்கினார்கள். அந்த மூன்று வருஷத்தை ஷாமியானாவுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்று வீணாக்காதே. உள்ளே போ. "தெருவிளக்கு எரியல" என்று பொதுவாகச் சொன்னால் காற்றோடு போகும். எத்தனை கம்பம், எந்தத் தெரு, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போ. சொன்னது தீர்மான நோட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இன்னும் 18 ஆகவில்லையா? ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. எந்தப் பாடம் படிப்பது, எத்தனை மணிக்கு எழுவது, அக்கா மேலே படிப்பதா இல்லையா, எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கு. தம்பி, தட்டை எடுத்துக் கழுவுவது தங்கச்சி மட்டும் ஏன் என்று முதலில் நீ கேள். உனக்கு லாபமான அநியாயத்தைக் கேட்கும் வாய்தான் ஊர் அநியாயத்தையும் கேட்கும்.

தப்பாகப் பேசிவிட்டால்? பேசிவிடு. திருத்துவார்கள், திருந்திக்கொள். குரல் நடுங்கினால்? நடுங்கட்டும். கிளாஸ்கள் கிணுகிணுத்தால்தான் என்ன?

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள், அறுப்பு முடிந்த வயலைக் கொத்தி மண்ணைப் பொடியாக்கித் தண்ணீர் தெளித்திருந்தோம். கோலப்போட்டிக்கு வந்த கூட்டமெல்லாம் வரப்பில் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள், இரண்டு அணியும் சமமான புள்ளி. டீத் தட்டுப் பிள்ளை பாடிப் போனது. போனஸ் கோட்டைக் காலால் துழாவிவிட்டுத் திரும்பி ஓடி வந்து நடுக்கோட்டைத் தொட்டது. நடுவர் புள்ளி இல்லை என்று கையை ஆட்டினார். வரப்பிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாத்தா மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். "போனஸ்தான்யா! நான் ரெண்டு கண்ணால பாத்தேன். எம் பேத்தி கோட்டைத் தாண்டிட்டா!"

மூச்சு வாங்கிக்கொண்டே, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி அந்தப் பிள்ளை அவர் பக்கம் திரும்பியது.

"இல்ல தாத்தா. பின்காலை நான் தூக்கல."