‘இங்கே எல்லாரும் சுகம்’

பிறநாட்டிலே படிக்கும் பிள்ளையும் ஊரிலே இருக்கும் பெற்றோரும் நத்தார் நாளில் தொலைபேசியில் கதைக்கும்போது பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பொய்யே சொல்லிக்கொள்கின்றனர். இப்படி எழுதினால் சிலர் மனம் நோகக்கூடும். ஆயினும் எமது குடும்பங்களில் இதை அறியாதவர் யார்? “சாப்பிட்டியே மோனை?” என்று தாய் கேட்கிறாள். “ஓம் அம்மா, பெடியள் எல்லாரும் சேர்ந்து சமைச்சனாங்கள்” என்கிறான் மகன். அவன் உண்டது பாணும் ஒரு முட்டையும். “அப்பா எங்கை?” என்று அவன் கேட்கிறான். “இப்பதான் படுத்தவர்” என்கிறாள் தாய். தந்தை படுத்திருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

இது பாவமா? பாவமென்றால், அன்பினாலேயே செய்யப்படும் இந்தப் பாவத்தை எப்படி நிறுத்துப் பார்ப்பது?

முதலில் பிள்ளையின் பக்கத்தைப் பார்ப்போம். இலண்டனில் டிசெம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். நத்தாரன்று நிலக்கீழ் ரயிலும் ஓடாது, பஸ்சும் ஓடாது. பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாதென்று 2004ஆம் ஆண்டில் சட்டமே இயற்றினார்கள். அந்நாட்டு மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து உண்டு மகிழும் நாள் அது. தெருவில் ஆளரவம் இராது. நடந்து போகும் தூரத்தில் கோவில் இல்லாத மாணவனுக்கு அன்றைய திருப்பலியும் எட்டாது. எங்கள் ஊர்களிலோ நத்தார் தெருவுக்கு வந்துவிடும் விழா. கரோல் பாடி வருகிறவர்கள், நடுச்சாமப் பூசைக்குப் போகிற சனம், வெடிச்சத்தம், பயற்றம் பணியாரமும் கொக்கிசும் கேக்கும் அடுக்கிய தட்டை மூடிக்கொண்டு அயல்வீட்டுக்கு ஓடும் சிறுவர்! சைவ அயலவர் வீட்டுக்கும் அந்தத் தட்டுப் போகும். மூன்று கிழமையில் தைப்பொங்கலன்று அங்கிருந்து பொங்கல் வரும். இதைக் கண்டு வளர்ந்தவனுக்கு, சன்னலுக்கு வெளியே ஒரு மனிதரும் இல்லாத அந்த மௌனம் பெரிய சோதனை.

போதாததற்கு, மாணவர் விசாவில் படிப்புக் காலத்திலே கிழமைக்கு 20 மணித்தியாலம் மட்டும் வேலை செய்ய விடுகிறவர்கள், பட்டப்படிப்பு மாணவருக்கு விடுமுறையில் முழுநேர வேலைக்கு இடங்கொடுக்கிறார்கள். ஆகவே பலர் அந்நாட்களில் வேலைக்கே போகின்றனர். முதியோர் இல்லங்களுக்கு நத்தார் விடுமுறை இல்லையே. இதையெல்லாம் பிள்ளை வீட்டிலே சொல்வதில்லை. காணியை ஈடு வைத்து அனுப்பியவர்களிடம் “எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது” என்று சொல்ல அவனுக்கு நா எழாது.

“பாலன் இயேசுவும் வழிப்பயணத்திலேதானே பிறந்தார்” என்று சொல்லி அவனைத் தேற்றுவோர் உண்டு. நல்ல எண்ணந்தான், ஆனால் சற்று அவசரமான ஆறுதல். பெத்லகேமில் இடம் இல்லாமற்போனது உண்மை. எனினும் மரியாளும் சூசையப்பரும் பாலனும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். எகிப்துக்கு ஓடியபோதும் ஒன்றாகவே ஓடினார்கள். ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கவேண்டிய தூரம் அவர்களுக்கிடையே இருக்கவில்லை.

பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் இரண்டு நூல்கள் எழுதினார். எந்த நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது அவர் முடிவு. இரண்டாவது நூலில் அவர் எடுத்துப் பார்க்கும் ஓர் உதாரணம் எங்களுக்கு மிக நெருங்கியது: கடும் நோயிலிருக்கும் ஒருவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான், செய்தியைக் கேட்டால் தந்தையின் உயிரும் போய்விடும், மகன் இருக்கிறானா என்று அவர் கேட்கிறார், என்ன சொல்வது? இந்தக் கேள்வி தம் மனதை உலுக்குவதை அகுஸ்தீனார் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பொய்க்கு இடங்கொடுக்கவில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ், பிறருக்கு உதவச் சொல்லும் பொய்யைத் தீங்கு செய்யும் பொய்யிலிருந்து பிரித்து, அது சாவான பாவமன்று, ஆயினும் பாவமே என்றார். உண்மையை விவேகத்தோடு சொல்லாமல் வைத்திருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்றும் காட்டினார்.

எமது தாய்மார் இந்த விடயத்தில் அகுஸ்தீனாரின் பக்கமல்லர், வள்ளுவரின் பக்கம். வாய்மை அதிகாரத்திலே அவர், நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். ஆனால் அந்த நன்மை குற்றம் ஏதும் கலவாததாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். அங்கேதான் எங்கள் நத்தார்ப் பொய் தவறிப்போகிறது.

பாணும் முட்டையும் பெரிய காரியமல்ல. அதைப்பற்றி எந்தத் தாயும் ஏமாந்ததுமில்லை. கைத்தொலைபேசியில் முகமும் அறையும் தெரியும் இக்காலத்தில், பிள்ளை மெலிந்திருப்பதைக் கண்டு அவளே விளங்கிக்கொள்வாள். தந்தையின் நோய் அப்படியல்ல. “பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லுவம்” என்று வீடு முழுவதும் கூடித் தீர்மானிக்கிறது. தங்கச்சிக்கும் வாய்ப்பூட்டு. பிள்ளைக்குப் பின்னர் தெரியவரும்போது, சில வேளைகளில் அது அந்தியேட்டியும் முடிந்தபின் என்றபடியால், துக்கத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. நத்தாரன்று அப்பா எங்கே என்று தான் கேட்டதும், தனக்குக் கிடைத்த பதிலும் அவனுடைய நினைவில் நின்றுவிடும். அதன்பின் “ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம்” என்று தாய் சொன்னால் அவன் நம்புவானா? உண்மையாகவே எல்லாரும் சுகமாயிருக்கும் நாளிலும் அவன் நடுங்கிக்கொண்டேயிருப்பான்.

இந்தப் பழக்கம் வந்த வழியும் எமக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அவ்வருட நத்தாரைத் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாகக் கழித்தன. கடிதம் வெளிநாடு போய்ச் சேர வாரங்கள், சிலவேளை மாதங்கள் எடுத்தன. வாசிப்பவனால் ஒன்றும் செய்ய இயலாத காலத்தில் ‘நாங்கள் சுகம்’ என்று எழுதியதில் இரக்கம் இருந்தது. அந்தக் காரணம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. 2004 டிசெம்பர் 26 ஞாயிறு காலை கடல் எழுந்தபோதோ எவருக்கும் எதையும் மறைக்க அவகாசம் இருக்கவில்லை. தூரதேசங்களிலிருந்த எமது பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டார்கள், தாங்கினார்கள், பணமும் பொருளும் திரட்டி அனுப்பினார்கள்.

விமான நிலையத்தில் “இனி நீ வளர்ந்த ஆள்” என்று சொல்லித்தான் அனுப்பிவைக்கிறோம். தனியாகப் போய், தனியாகச் சமைத்து, வாடகையும் கட்டிப் படிக்கக்கூடியவன், தன் தந்தைக்கு நெஞ்சுவலி என்பதை மட்டும் தாங்கமாட்டான் என்று எப்படித் தீர்மானித்தோம்? நல்ல செய்தியை மட்டும் கேட்பவன் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குச் சமம். குடும்பத்தின் செபத்திலும் அவனுக்குப் பங்கில்லாமற்போகிறது. எதற்காகச் செபிப்பதென்றே அவனுக்குத் தெரியாதே.

எல்லாவற்றையும் நத்தாரன்றுதான் சொல்லவேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நடுச்சாமம் ஆகும்போது இலண்டனில் முன்னிரவு ஆறரை மணி. பூசை முடிந்து வந்து வீடு மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் தாயாக எடுத்துச் சொல்லாமல் விடலாம். தோமஸ் அக்குவினாஸ் சொன்ன விவேகம் அதுவே. ஆனால் “அப்பா எங்கை?” என்று அவன் வாய்திறந்து கேட்டுவிட்டால், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வைத்தியர் இன்னது சொன்னார் என்றுதான் சொல்லவேண்டும். பிள்ளைக்கும் அதே கடமை உண்டு. ஒரு பாடத்தில் தவறிவிட்டேன் என்பதை, கேட்கும்போது அவனும் சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்கும் தாய் அன்று பலகாரத் தட்டைத் தள்ளிவைப்பாள். தள்ளிவைக்கட்டும்.